டெல்டா வெயிலில் வைட்டமின் சி சீரம்: மங்குக்குப் பயன்படுமா, கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது?

திருவையாறு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவையாற்றை அடுத்த ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இரண்டாவது பிரசவத்தின்போது இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு படர்ந்தது. குழந்தைக்கு மூன்று வயது முடிந்தும் அது முழுமையாக மறையவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சற்று வெளிறுகிறது. மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் மீண்டும் கருக்கிறது. காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினால் ஆற்றங்கரைச் சாலையில் கிழக்கு நோக்கியே போக வேண்டியிருப்பதால் வெயில் நேரே முகத்தில் விழுகிறது.

உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சொன்னதன்பேரில் 15 சதவீத வைட்டமின் சி சீரம், 30 மில்லி புட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வந்தபோது நிறமற்று இருந்தது. குளியலறை அலமாரியில் இருந்த அந்தச் சீரம் இப்போது வெந்தயம் ஊறிய தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. பூசியதும் சில நிமிடங்கள் சுருக்கென்று எரிகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. நிறம் மாறிய சீரத்தைத் தொடர்ந்து பூசலாமா, காலையில் பூசுவது சரியா இரவிலா, ஏற்கெனவே பூசிவரும் நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 வடிவத்தோடு சேர்த்துப் பூசலாமா என்பவை என் கேள்விகள். சன்ஸ்கிரீன் பூசினால் முகம் சாம்பல் பூத்தாற்போலத் தெரிவதாலும், பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் வியர்வையில் வழிந்துவிடுவதாலும் அதைப் பல நாட்கள் தவிர்த்துவிடுகிறேன். வைட்டமின் சி மட்டும் போதுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

எங்கள் அத்தை, எலுமிச்சம்பழச் சாற்றில் தேன் கலந்து பூசினாலே போதும், அதிலும் அதே சத்துதானே இருக்கிறது என்கிறார். அவருக்குத் தக்க காரணத்தோடு பதில் சொல்ல விரும்புகிறேன். என் நிறம் மாற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. திட்டுத் திட்டாகத் தெரிவது குறைந்தால் போதும்.

கும்பகோணம் மருந்தாளுநர்:

சகோதரிக்கு வணக்கம். புட்டியின் நிறத்தைப் பற்றியும் அதை வைக்க வேண்டிய இடத்தைப் பற்றியும் மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்; மங்கைப் பற்றித் தோல் மருத்துவர் சொல்வதே பொருத்தம்.

நீங்கள் வாங்கியது எல்-அஸ்கார்பிக் அமிலம் என்ற தூய வடிவமாகத்தான் இருக்க வேண்டும். இந்த அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கரைசலின் பிஎச் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5க்குக் கீழே இருந்தாக வேண்டும். நீங்கள் உணரும் சுருக்கென்ற எரிச்சலுக்குக் காரணம் அந்தப் புளிப்புத்தன்மைதான். தண்ணீரில் கரைந்த நிலையில் அது காற்று, ஒளி, வெப்பம் மூன்றையுமே தாங்காது. முதலில் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறி, அதன் பிறகு மீட்க முடியாதபடி சிதைந்துபோகிறது. நீங்கள் காணும் மஞ்சள் அந்தச் சிதைவின் அடையாளம். இளமஞ்சளாக இருக்கும் வரையில் வீரியம் ஓரளவு குறைந்திருக்கிறது என்று கொண்டு விரைவில் பூசித் தீர்த்துவிடலாம். செம்பழுப்புக்குப் போய்விட்டால் அதில் பயன் இல்லை, தோலிலும் நகக்கண்ணிலும் கறைதான் படியும். வைட்டமின் சி சிதையாமல் காக்க உதவும் ஃபெருலிக் அமிலம் சேர்ந்த சில சீரங்கள் வாங்கும்போதே இலேசான மஞ்சளாக இருக்கும் என்பதால், திறந்த அன்று இருந்த நிறத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

குளியலறை அலமாரி இதற்கு மிகவும் பொருந்தாத இடம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான புட்டிகளில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று அச்சிட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே வெப்பம் 35 டிகிரியைத் தொடுகிறது. ஆகவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடியை இறுக்கி, அட்டைப்பெட்டியோடு வையுங்கள். உறைநிலைப் பகுதியில் வைக்க வேண்டாம். ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியிலோ கைப்பையிலோ அதை எடுத்துச் செல்லவே கூடாது. கோடையில் இணையத்தில் வாங்கினால் பொட்டலம் நாள் முழுவதும் வண்டியில் வெந்துதான் வீடு வந்து சேர்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். உற்பத்தித் தேதியைப் பார்த்துக் கடையில் வாங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. கடைக்காரன் என்பதால் இதைச் சொல்லவில்லை.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. முகத்துக்கும் கழுத்துக்கும் நான்கைந்து சொட்டுகள் போதும். ஏறக்குறைய 20 சொட்டுகள் ஒரு மில்லி என்று கொண்டால், நாளைக்கு ஐந்து சொட்டு வீதம் 30 மில்லி புட்டி நான்கு மாதங்கள் வரும். நம் வெயிலில் தூய அஸ்கார்பிக் அமிலம் அவ்வளவு காலம் நிற்பது அரிது. திறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. எனவே 10 அல்லது 15 மில்லி புட்டி கிடைத்தால் அதை வாங்குங்கள். சொட்டுக் குழாய் உள்ள புட்டியைவிடக் காற்றுப் புகாத பம்ப் உள்ள புட்டியில் சிதைவு மெதுவாக நடக்கும்.

டெல்டாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று தண்ணீர். இரும்புச் சத்து மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் வருகிறது. வாளியின் உட்புறத்தில் செம்மஞ்சள் படிவு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பும் செம்பும் சிறிதளவு கலந்தாலே வைட்டமின் சியின் சிதைவு வேகமாகும். ஆகவே முகம் கழுவியதும் துண்டால் ஒற்றி, கையையும் நன்றாக உலர்த்திக்கொண்ட பிறகே சீரத்தைத் தொடுங்கள். சொட்டுக் குழாயின் நுனி விரலிலோ கன்னத்திலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல் தொந்தரவாக இருந்தால் எத்தில் அஸ்கார்பிக் அமிலம், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்ற பெயர்கள் பொருட்பட்டியலில் உள்ள சீரங்களைத் தேடலாம். இவை வைட்டமின் சியின் மாற்று வடிவங்கள். எளிதில் நிறம் மாறுவதில்லை, எரிச்சலும் குறைவு. தூய வடிவத்துக்கு உள்ள அளவுக்கு இவற்றுக்கு ஆய்வுச் சான்று இல்லை. ஆனாலும் சிதைந்துபோன தூய வடிவத்தைவிடச் சிதையாத மாற்று வடிவம் மேல் என்பது என் கருத்து.

நியாசினமைடோடு சேரக்கூடாது என்று பரவியிருக்கும் அச்சம் பழைய ஆய்வுகளை ஒட்டி எழுந்தது. இன்றைய தயாரிப்புகளில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூசுவதில் தவறில்லை. முகப்பருவுக்கான பென்சாயில் பெராக்சைடை மட்டும் அதே வேளையில் பூச வேண்டாம், அது வைட்டமின் சியைச் சிதைத்துவிடும்.

மன்னார்குடி தோல் மருத்துவர்:

மருந்தாளுநர் ஐயா சொன்னவை அனைத்தும் சரியே. மங்கைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இங்கே வரும் பெண்களில் பலர் சீரத்தில் செலவழித்துவிட்டு, முகத்தைக் காக்க வேண்டிய சன்ஸ்கிரீனை விட்டுவிடுகிறார்கள்.

மங்கு என்பது தோலில் நிறமி உண்டாக்கும் செல்கள் ஓயாமல் தூண்டப்படும் நிலை. கருவுற்ற காலத்து ஹார்மோன் மாற்றமும், கருத்தடை மாத்திரைகளும், குடும்பத்தில் வழிவழியாக வரும் தன்மையும் அதற்கு வித்திடுகின்றன. அதை அணையாமல் வைத்திருப்பது வெயில். மழைக்காலத்தில் வெளிறிப் பங்குனியில் கருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பது இதற்கு நல்ல சான்று. புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருமையைக் கூட்டுகிறது.

இந்த இடத்தில் வைட்டமின் சி இரண்டு வேலைகளைச் செய்கிறது. நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியின் செம்பு அணுக்களோடு வினைபுரிந்து அதன் வேகத்தைக் குறைக்கிறது. வெயிலால் தோலில் உருவாகும் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கிறது. 2005 இல் வெளியான ஓர் ஆய்வில் 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ, 0.5 சதவீத ஃபெருலிக் அமிலம் மூன்றும் சேர்ந்த கரைசலைப் பன்றித் தோலில் பூசிப் பார்த்தார்கள். ஃபெருலிக் அமிலம் சேர்ந்ததும் வெயிலுக்கு எதிரான காப்பு நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்காக உயர்ந்தது. பகலில்தான் இந்தக் காப்பு தேவை என்பதால் காலையில் பூசுவதே முறை. இரவில் பூசினாலும் வீணாகாது. தோலுக்குள் இறங்கிய வைட்டமின் சி சில நாட்கள் தங்கியிருக்கும் என்பது அதே வகை ஆய்வுகளில் தெரிந்ததே. 20 சதவீதத்துக்கு மேல் போவதால் கூடுதல் பயன் இல்லை, எரிச்சல்தான் கூடும். முதன்முதலில் தொடங்குபவர்களுக்கு 10 சதவீதமே போதும்.

மங்குக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2004 இல் 16 பெண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், முகத்தின் ஒரு பக்கம் 5 சதவீத அஸ்கார்பிக் அமிலமும் மறுபக்கம் கருமையைக் குறைக்கும் மருந்தான ஹைட்ரோகுயினோன் 4 சதவீதமும் 16 வாரங்கள் பூசப்பட்டன. நல்ல முன்னேற்றம் என்று கணிக்கப்பட்டது ஹைட்ரோகுயினோன் பக்கத்தில் 93 சதவீதம், வைட்டமின் சி பக்கத்தில் 62.5 சதவீதம், எரிச்சல் போன்ற பக்கவிளைவுகளோ முன்னதில் 68 சதவீதத்துக்கும் மேல், பின்னதில் 6 சதவீதம் அளவில்தான். மெதுவாகச் செயல்படும், ஆனால் தோலைப் புண்படுத்தாது என்பதே வைட்டமின் சியின் சிறப்பு. நம் தோலில் எந்த எரிச்சலும் ஆறும்போது கருமையை விட்டுச் செல்லும் இயல்பு உண்டு. ஆகவே புண்படுத்தாமை என்பதைச் சிறிய நன்மையாக எண்ணிவிடாதீர்கள். உங்களுக்கு எரிச்சல் சில நிமிடங்களில் அடங்குகிறது என்பதால் அச்சமில்லை. சிவப்போ அரிப்போ மறுநாள் வரை நீடித்தால் நிறுத்திவிடுங்கள்.

வைட்டமின் சி மட்டும் போதுமா என்றால், போதாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் சன்ஸ்கிரீனை வாங்கும்படிதான் நான் சொல்வேன். அதன் உறையில் அச்சிட்டிருக்கும் வெயில் காப்பு அளவுகள், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமலும் பிஏ மூன்று கூட்டல் குறிகளோடும் (PA+++) உள்ளதாக இருக்கட்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, மாநிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் மிகவும் பொருத்தம். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதுதான் தடுக்கும். சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறது என்ற உங்கள் குறையும் அதனால் தீரும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் அதுவே முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. வியர்வைக்காலத்தில் சீரத்துக்கும் சன்ஸ்கிரீனுக்கும் இடையில் மாய்ஸ்சரைசர் தேவையில்லை. சீரம் உலர்ந்ததும் நீரில் கரையாத வகை சன்ஸ்கிரீனைப் பூசி, அது படிவதற்குக் கால் மணி நேரம் விட்டுக் கிளம்புங்கள். தலைக்கவசத்தின் கண்ணாடி சாயம் ஏற்றியதாக இருந்தால் கிழக்கு வெயிலுக்கு இன்னும் நல்லது.

உங்கள் அத்தையிடம் இப்படிச் சொல்லலாம். எலுமிச்சைச் சாறு 100 கிராமில் வைட்டமின் சி ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது 0.05 சதவீதம், உங்கள் சீரத்தில் அதைப்போல 300 மடங்கு உண்டு. மாறாக, சாற்றின் புளிப்பு சீரத்தைவிடக் கடுமையானது. எலுமிச்சை இனக் காய்களில் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் தோலில் படிந்த நிலையில் வெயில் பட்டால் கொப்புளமும், அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் நிற்கும் கருந்திட்டும் வரும். மங்கைக் குறைக்கப் பூசியது மங்குக்கு மேல் இன்னொரு கருமையை ஏற்றிவிடும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பாட்டில் சேரட்டும். உடலுக்கு வேண்டியதை அவை தாராளமாகத் தந்துவிடும்.

ஒன்றை மட்டும் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். மங்குக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்து, பருவும் ரோமமும் வளர்ந்து, களிம்பை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பொருட்பட்டியலில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், மருத்துவர் சீட்டின்றி முகத்தில் வைக்காதீர்கள்.

நாகை வாசகி:

வணக்கம் டாக்டர். ஆசிரியை அவர்கள் கேட்டதையொட்டி எனக்கும் ஒரு கேள்வி உண்டு. என் சித்தி நடவு வேலைக்கும் களை எடுப்புக்கும் போகிறவர். அவருக்கும் கன்னத்தில் மங்கு கருத்துக் கிடக்கிறது. முக்காடு போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார், அப்படியிருந்தும் குறையவில்லை. அவருக்கு ஒரு சீரம் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது; குழாயில் வருவது உவர் கலந்த தண்ணீர். மருந்தாளுநர் ஐயா சொல்லும் முறையில் பாதுகாப்பது அங்கே இயலாத காரியம்.

மன்னார்குடி தோல் மருத்துவர்:

அம்மா, உங்கள் சித்திக்குச் சீரத்திலிருந்து தொடங்க வேண்டாம். முக்காடு மேலிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் குனிந்து நிற்பவருக்குக் கீழே உள்ள நீர்ப்பரப்பிலிருந்தும் ஒளி முகத்தில் தெறிக்கிறது. கன்னமும் தாடையும் அதை நேரடியாக வாங்குகின்றன. நம் அட்சரேகையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: ஒன்று ஏப்ரல் மூன்றாவது வாரம், மற்றது ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டி. இரண்டாவது உச்சம் சம்பா நாற்றங்கால் வேலைகளின் காலத்தில் வருகிறது; ஆடி கழிந்துவிட்டதே, வெயில் தணிந்திருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

சேலைத் தலைப்பைத் தலையில் போடுவதோடு நிறுத்தாமல், நெருக்கமாக நெய்த பருத்தித் துண்டால் கன்னத்தையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நனைந்த மெல்லிய துணியைவிட உலர்ந்த கெட்டித் துணி நன்றாகத் தடுக்கும் என்பதால் மாற்றுத் துண்டு ஒன்று வரப்பில் இருக்கட்டும். துணிக்கு வெளியே தெரியும் இடங்களில், துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனை அவர் விரும்பினால் பூசலாம். அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டியதில்லை, நிழலில் வைத்தாலே போதும். வேலை நேரம் சித்தியின் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கே இறங்கிப் பத்தரை, பதினொன்றுக்குள் கரையேறும் குழுவாக இருந்தால் அதுவே மருந்தில் பாதி.

அதன் பிறகும் திட்டு குறையவில்லை என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். மங்கு என்று நாம் நினைப்பது சில நேரம் வேறு காரணத்தால் வந்த கருமையாகவும் இருக்கக்கூடும். நேரில் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

திருவையாறு ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி. அத்தையிடம் 300 மடங்கு கணக்கைச் சொன்னேன். கொப்புளம் வரும் என்ற செய்தியைத்தான் அவர் கூர்ந்து கேட்டார். இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. பள்ளியில் மதிய உணவுக்குப் பிறகு முகம் கழுவினால் சீரத்தையும் மீண்டும் பூச வேண்டுமா? எத்தனை காலத்தில் மாற்றத்தை எதிர்பார்க்கலாம்?

கும்பகோணம் மருந்தாளுநர்:

சீரம் காலையில் ஒரு முறை போதும். உள்ளே இறங்கியது முகம் கழுவுவதால் வெளியேறாது. சன்ஸ்கிரீன்தான் கழுவியதும் போய்விடும், ஆகவே அதை மதியம் மீண்டும் பூசுங்கள். வகுப்பறைக்குள்ளேயே இருக்கும் நாளிலும் மாலையில் வண்டியில் திரும்பும் முன் ஒரு முறை பூசுவது அவசியம். சிறிய குழாய் ஒன்றைப் பள்ளி மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளலாம். மாற்றம் தெரிய மூன்று மாதங்களாவது ஆகும். ஒரே சன்னலோரத்தில், ஒரே நேரத்தில், மாதம் ஒரு முறை படம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு பிடிபடாது. இப்போது கையில் உள்ள புட்டி இன்னும் இளமஞ்சளாகவே இருந்தால் இன்றே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பழுப்பேறும் வரை பயன்படுத்துங்கள்.